ஆற்றல் மாறா விதியும் படைப்பின் நம்பிக்கையும்



நம் பிள்ளைகள் பள்ளியில் ஓர் அறிவியல் விதியைப் படிக்கிறார்கள். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வகை ஆற்றலை இன்னொரு வகையாக மாற்ற மட்டுமே முடியும். இதை ஆற்றல் மாறா விதி என்கிறோம். அதே பிள்ளைகள் ஞாயிறு திருப்பலியில் நம்மோடு எழுந்து நின்று, விண்ணையும் மண்ணையும் படைத்த இறைவனை நம்புவதாக அறிக்கையிடுகிறார்கள். கொஞ்சம் யோசிக்கும் பிள்ளைக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும்: ஆற்றலை ஆக்கவே முடியாது என்றால், கடவுள் உலகை எப்படி ஆக்கினார்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையை, “கோவிலில் இப்படியெல்லாம் கேட்கக்கூடாது” என்று பெரியவர்கள் அடக்கிவிடுவது உண்டு. அடக்கப்பட்ட கேள்வி மறைந்துவிடாது. பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது அதுவும் கூடவே போகிறது. அங்கே வேறு யாராவது அதற்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள். ஆகவே இன்று நாம் அந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்வோம். இதற்குப் பின்னால் நூற்றெண்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் ஒரு கத்தோலிக்க அருள்பணியாளருக்கு முக்கியமான இடமும் இருக்கிறது.

முதலில் விதி எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று பார்ப்போம். 1840ஆம் ஆண்டு, ராபர்ட் மேயர் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர் டச்சுக் கப்பல் ஒன்றில் மருத்துவராக ஜாவாத் தீவுக்குப் போனார். அந்தக் காலத்தில் நோயுற்ற மாலுமிகளுக்குச் சிரையைக் கீறி இரத்தம் வடிப்பது வழக்கமான சிகிச்சை. சிரை இரத்தம் கருஞ்சிவப்பாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஜாவாவிலோ அது பளிச்சென்ற சிவப்பாக வந்தது. தவறித் தமனியைக் கீறிவிட்டோமோ என்று அஞ்சினார். பிறகுதான் அவருக்குப் புரிந்தது: வெப்ப நாட்டில் உடல் தன் சூட்டைக் காத்துக்கொள்ள அவ்வளவு எரிக்க வேண்டியதில்லை, அதனால் இரத்தத்தில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது. அங்கிருந்து அவர் சிந்தனை மேலே போனது. நாம் உண்ணும் உணவு உடலில் வெப்பமாகிறது, உழைப்பாகவும் ஆகிறது. அப்படியானால் வெப்பமும் உழைப்பும் ஒரே பொருளின் இரண்டு உருவங்கள். ஒன்று குறைந்தால் மற்றொன்று கூடும், மொத்தம் மாறாது. 1842இல் இதை அவர் கட்டுரையாக வெளியிட்டார்.

அதைப் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. மேயரின் வாழ்க்கையில் துயரங்கள் அடுத்தடுத்து வந்தன. பிள்ளைகளைச் சாகக் கொடுத்தார், மனம் உடைந்தார், மனநோய் விடுதியிலும் சில காலம் இருந்தார். மெல்ல மீண்டு எழுந்தார். பின்னாளில் உலகம் அவரை மதித்து அழைத்தபோது, 1869இல் இன்ஸ்புருக் நகரில் அறிஞர்கள் முன் பேசி, தம் கிறிஸ்தவ நம்பிக்கையை வெளிப்படையாகவே அறிக்கையிட்டார்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் மதுபான ஆலை உரிமையாளர் ஒருவரின் மகனான ஜேம்ஸ் ஜூல், ஒரு தொட்டித் தண்ணீருக்குள் துடுப்புகளைப் பொருத்தி, எடைக்கற்கள் கீழிறங்கும் விசையால் அவற்றைச் சுழலவிட்டார். தண்ணீர் மிகச் சிறிதளவு சூடானது. எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்று ஆண்டுக்கணக்கில் பொறுமையாக அளந்தார். இன்றைய கணக்கில் சொன்னால், ஒரு கிலோ எடை ஏறத்தாழ 427 மீட்டர் இறங்கும்போது செய்யும் வேலை, ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கும்.

இந்த விதியை ஜூல் பொதுமக்களுக்கு முதலில் விளக்கிச் சொன்ன இடம் எது தெரியுமா? 1847 ஏப்ரலில், மான்செஸ்டர் நகரத்துப் புனித அன்னம்மாள் ஆலயத்தின் வாசகசாலை. அங்கே அவர் சொன்ன காரணமும் கவனிக்கத்தக்கது. இறைவன் பொருளுக்குக் கொடுத்த ஆற்றலை உண்டாக்கும் வல்லமையோ அழிக்கும் வல்லமையோ மனிதனுக்கு இல்லை; ஆகவே இயற்கையில் ஆற்றல் வீணாய் மறைந்துபோக முடியாது என்று அவர் வாதிட்டார். ஆக்கவும் அழிக்கவும் முடியாது என்ற வாக்கியத்தை, படைத்தவரிடம் கொண்ட பற்றினாலேயே அவர் சொன்னார். 1889இல் அவர் இறந்தபோது கல்லறையில் இரண்டு செய்திகளைப் பொறித்தார்கள். ஒன்று, வெப்பத்தையும் வேலையையும் இணைக்கும் அவருடைய எண், 772.55. மற்றொன்று, பகலாய் இருக்கும்போதே தம்மை அனுப்பினவரின் பணியைச் செய்யவேண்டும் என்று ஆண்டவர் இயேசு சொன்ன யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனம்.

ஆனால் ஒரே விதியை எல்லாரும் ஒரே விதமாய்ப் படிப்பதில்லை. 1855இல் லுட்விக் பூக்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 'விசையும் பொருளும்' என்ற நூலை வெளியிட்டார். பொருளும் விசையும் அழியாதவை, அழியாதது ஆக்கப்பட்டதாகவும் இருக்க முடியாது, எனவே படைத்தவர் என்று ஒருவர் தேவையில்லை என்பது அவருடைய வாதம். நூல் பல மொழிகளுக்குப் போனது. நம் பிள்ளைகளின் காதுக்கு இன்று வந்து சேரும் வாதம் இதன் பேரப்பிள்ளைதான்.

கிறிஸ்தவர்கள் சிலர் எதிர்வாதம் செய்தார்கள். 1852இல் வில்லியம் தாம்சன் என்ற அறிஞர், ஆற்றல் அழியாவிட்டாலும் அது மேலும் மேலும் சிதறி, பயன்படாத வெப்பமாகிக்கொண்டே போகிறது என்று காட்டியிருந்தார். உலகம் என்றென்றும் இருந்திருந்தால் எல்லா ஆற்றலும் என்றோ சிதறி முடிந்திருக்கும், முடியவில்லை, ஆகவே உலகுக்குத் தொடக்கம் உண்டு, தொடக்கம் உண்டென்றால் கடவுள் உண்டு என்றார்கள். ஆக, இறைவனை மறுக்கச் சிலர் இயற்பியலின் முதல் விதியைத் துணைக்கு அழைத்தார்கள். நிரூபிக்க வேறு சிலர் இரண்டாம் விதியை அழைத்தார்கள். இரு தரப்பாரும் இறைவனை இயற்பியலின் கூண்டில் நிறுத்தினார்கள் என்பதே உண்மை.

இந்த இடத்தில்தான் அருள்பணியாளர் ஜார்ஜ் லெமேத்ர் வருகிறார். 1894இல் பெல்ஜியத்தில் சார்லெருவா நகரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றி வீரப்பதக்கம் பெற்றார். போர் முடிந்ததும் குருமடத்தில் சேர்ந்து, 1923இல் கர்தினால் மெர்சியே கரங்களால் குருத்துவத் திருநிலைப்பாடு பெற்றார். பிறகு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வானியல் கற்று, லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1927இல் ஒரு கட்டுரை எழுதினார். தொலைவிலுள்ள விண்மீன் திரள்கள் நம்மைவிட்டு விலகிப்போவதாகத் தெரிகிறதே, அதற்குக் காரணம் விண்வெளியே விரிந்துகொண்டிருப்பதுதான் என்று ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளைக் கொண்டே காட்டினார். அந்த ஆண்டு பிரசெல்ஸ் நகரில் அவரைச் சந்தித்த ஐன்ஸ்டீன், கணக்கு சரி என்று ஒப்புக்கொண்டார், இயற்பியலை ஏற்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் வானியல் அளவீடுகள் லெமேத்ர் பக்கம் நின்றன. ஐன்ஸ்டீனும் விரிவை ஏற்றுக்கொண்டார்.

விரிகிறது என்றால் பின்னோக்கிப் போகப்போகச் சுருங்கும் அல்லவா? 1931 மே மாதம் 'நேச்சர்' இதழில் லெமேத்ர் ஒரு சிறிய கடிதம் எழுதினார். பேரண்டத்தின் ஆற்றல் முழுவதும் தொடக்கத்தில் ஒரே ஒரு குவாண்டமாக இருந்து, அது பிளந்து பெருகியிருக்கலாம். அதற்கு முன் இடம், காலம் என்ற சொற்களுக்கே பொருள் இருக்காது என்பது அதன் சாரம். இதுதான் இன்று நாம் பெருவெடிப்பு என்று சொல்லும் கோட்பாட்டின் வித்து. அந்தக் கடிதத்தின் தட்டச்சுப் படியில், இறுதியில் இறைவனைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எல்லாவற்றையும் தாங்கிநிற்கும் இறைவன் மறைந்திருப்பவர் என்று நம்புகிறவர்கள், இயற்பியலும் படைப்பின்மேல் ஒரு திரையை விட்டுவைப்பதைக் கண்டு மகிழலாம் என்ற கருத்தில் எழுதியிருந்தார். அச்சுக்கு அனுப்புமுன் அந்தப் பத்தியைத் தம் கையாலேயே அடித்துவிட்டார்.

ஏன் அடித்தார்? வெட்கப்பட்டா? ஒருபோதும் இல்லை. அவர் குருவுக்குரிய உடையோடு அறிவியல் மாநாடுகளுக்குப் போனவர். உண்மையை அடைய இரண்டு வழிகள் உண்டு, இரண்டிலும் நடக்க முடிவு செய்தேன் என்ற கருத்தை அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். இரண்டு வழியிலும் நடந்தவர் என்பதால்தான், ஒன்றை மற்றொன்றுக்கு ஊன்றுகோலாக்க அவர் விரும்பவில்லை.

இந்தப் பெரியவரின் ஞானம் விரைவில் சோதிக்கப்பட்டது. 1948இல் பிரெட் ஹாயில், ஹெர்மன் போண்டி, தாமஸ் கோல்டு என்ற மூவர் வேறொரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். பேரண்டத்துக்குத் தொடக்கமே இல்லை. அது விரிய விரிய, இடைவெளியில் புதிய பொருள் சிறிது சிறிதாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது என்றார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொடக்கத்தை விரும்பாத ஹாயில், எங்கிருந்தும் வராமல் பொருள் தோன்றுகிறது என்றார். வழக்கமான ஆற்றல் மாறா விதியை மீறுகிறதே என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் தேட வேண்டியிருந்தது. 1949 மார்ச் மாதம் பி.பி.சி. வானொலியில் பேசும்போது, எதிர்க் கோட்பாட்டுக்குப் 'பெருவெடிப்பு' என்று பெயர் வைத்தவரும் அவரே.

போட்டி இப்படி முடிவாகாமல் இருந்த வேளையில், 1951 நவம்பர் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் திருப்பீட அறிவியல் கழகத்தாரிடம் உரையாற்றினார். இன்றைய அறிவியல் காலத்தைப் பின்னோக்கிக் கடந்து, ஒளி உண்டாகுக என்று இறைவன் உரைத்த அந்தத் தொடக்கத்துக்கே சாட்சியாகிவிட்டதுபோல் தோன்றுகிறது என்ற பொருளில் பேசினார். இது இன்னும் முழுமையான சான்று ஆகவில்லை என்ற எச்சரிக்கையும் அந்த உரையில் இருந்தது. ஆனால் கேட்டவர்களின் மனதில் நின்றது முதல் பகுதிதான்.

நம்மில் பலர் அன்று இருந்திருந்தால் கைதட்டியிருப்போம். திருத்தந்தையே ஒரு குருவின் கோட்பாட்டைத் தூக்கிப் பிடிக்கிறார்! ஆனால் லெமேத்ர் மகிழவில்லை, கவலைப்பட்டார். அப்போதைய கணக்கின்படி பேரண்டத்தின் விரிவுக்கு வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள். பூமியின் பாறைகளோ அதைவிடப் பழையவை! தாயைவிடப் பிள்ளை மூத்ததாய் இருந்தது. இப்படி ஓட்டையுள்ள படகில் திருஅவையின் நம்பிக்கையை ஏற்றலாமா? நாளை கோட்பாடு மூழ்கினால், எளிய மக்களின் நம்பிக்கையும் சேர்ந்து மூழ்காதா? வத்திக்கான் வானியல் ஆய்வகத்தின் தலைவராயிருந்த இயேசு சபைக் குரு டேனியல் ஓகானெலும் இதே எண்ணம் கொண்டிருந்தார். 1952 செப்டம்பரில் உலக வானியலாளர்கள் உரோமையில் கூடியபோது திருத்தந்தை மீண்டும் உரையாற்றினார். அந்த உரையில் பெருவெடிப்பைப் படைப்போடு இணைத்துப் பேசவில்லை. அதே உரோமைக் கூட்டத்தில்தான் வால்டர் பாடே என்ற வானியலாளர், விண்மீன் திரள்களின் தொலைவுக் கணக்கைத் திருத்தவேண்டும் என்று அறிவித்தார். பேரண்டத்தின் வயது ஒரே நாளில் இரு மடங்கானது. அறிவியல் தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும், அதற்கு நேரம் கொடுக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

1965இல் அமெரிக்காவில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இருவர், வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே சீராக வரும் மெல்லிய நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டதாக வெளியிட்டார்கள். கருவியில் கோளாறோ, உள்ளே கூடுகட்டிய புறாக்களின் எச்சமோ என்று முதலில் துடைத்துப் பார்த்தார்கள், இரைச்சல் போகவில்லை. அது தொடக்கக் காலப் பேரண்டத்தின் பழைய ஒளி. 1966 ஜூன் மாதம், மருத்துவமனையில் இறக்கும் தறுவாயில் இருந்த லெமேத்ரிடம் அவருடைய உதவியாளர் இந்தச் செய்தியைக் கொண்டுபோனார். ஜூன் 20 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். 2018இல் உலக வானியல் ஒன்றியம், பேரண்ட விரிவு விதியில் ஹபிளின் பெயரோடு அவருடைய பெயரையும் சேர்த்துச் சொல்லப் பரிந்துரைத்தது.

சரி, ஆற்றல் மாறா விதி என்னவானது? அந்தப் பழைய ஒளியே அதற்கு ஒரு புதிர் வைக்கிறது. அது புறப்பட்டபோது பேரண்டத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 3000 கெல்வின். இன்று நம்மை வந்தடையும்போது 2.7 கெல்வின். விண்வெளி விரிந்ததால் ஒவ்வோர் ஒளித்துகளும் தன் ஆற்றலில் ஏறத்தாழ 1100இல் ஒரு பங்கை மட்டுமே வைத்திருக்கிறது. மீதி எங்கே போனது? எம்மி நோதர் என்ற யூதப் பெண் கணித மேதை 1918இலேயே இதற்கு வழிகாட்டியிருந்தார். இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றாயிருக்கும் சூழலில்தான் ஆற்றலின் மொத்தம் மாறாமல் இருக்கும் என்று அவர் நிறுவினார். பேரண்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் வெளியே விரிந்து மாறிக்கொண்டிருக்கிறது. அங்கே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கூட்டுத்தொகை போடும் பொதுவான வழி இல்லை. நம் அடுப்பிலும் ஆலையிலும் அசையாமல் நிற்கும் விதி, பேரண்ட அளவில் இவ்வளவு நுட்பமாகிவிடுகிறது. 1973இல் எட்வர்ட் டிரையன் என்ற அறிஞர், பொருளின் ஆற்றலும் ஈர்ப்பின் எதிர்மறை ஆற்றலும் ஒன்றையொன்று ஈடுசெய்து மொத்தம் சுழியாகவே இருக்கலாம் என்றும் சொன்னார்.

அன்புக்குரியவர்களே, இதைக் கேட்டவுடன், “பார்த்தீர்களா, விதி உடைந்துவிட்டது, கடவுள் வென்றுவிட்டார்” என்று நாம் ஆர்ப்பரிக்கக் கூடாது. லெமேத்ர் நமக்குக் கற்றுத்தந்தது அந்த அடக்கத்தைத்தான். புனித இரண்டாம் யோவான் பவுலும் 1988இல் வத்திக்கான் வானியல் ஆய்வகத் தலைவருக்கு எழுதிய மடலில், பெருவெடிப்பு போன்ற கோட்பாடுகளை அவசரப்பட்டு நம்பிக்கைக்கு ஆதாரமாக்குவது குறித்து எச்சரித்தார்.

நம் பங்கின் கணக்குப் புத்தகத்தை நினைத்துக்கொள்வோம். வரவும் செலவும் இருப்பும் ஒரு பைசா பிசகாமல் ஒத்துப்போகலாம். பணம் எங்கிருந்து எங்கே போனது என்று புத்தகம் சொல்லும். இந்தப் பங்கு ஏன் இருக்கிறது, யார் அன்பினால் இது பிறந்தது என்பதை எந்தப் பக்கத்திலும் தேடிக் காண முடியாது. அது புத்தகத்தின் குறையல்ல. அதன் வேலை வேறு. ஆற்றல் மாறா விதியும் இருக்கின்ற உலகுக்குள் நடக்கும் மாற்றங்களின் கணக்கு. படைப்பு என்பதோ ஒன்றை இன்னொன்றாக மாற்றும் செயலே அல்ல என்று புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாகச் சொன்னார். மாற்றுவதற்கு முன்பே ஏதாவது இருக்கவேண்டும். படைப்புக்கு முன் எதுவும் இல்லை. உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதை நம்பிக்கையால் ஏற்கிறோம், அறிவின் வாதத்தால் அதை நிரூபிக்க முடியாது என்றும் அவர் எழுதினார். இயற்பியலார் சொல்லும் வெறுமையில்கூட விதிகள் இருக்கின்றன. நாம் சொல்லும் ஒன்றுமில்லாமையில் விதிகளும் இல்லை.

இன்னொன்றும் நினைவில் வைப்போம். தச்சர் செய்த நாற்காலி, தச்சர் போய்விட்ட பிறகும் நிற்கும். பாடகர் பாடும் பாட்டு, அவர் வாயை மூடியதும் நின்றுவிடும். உலகம் இறைவன் கையில் நாற்காலிபோல் இல்லை, பாட்டுப்போல் இருக்கிறது. 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை தொட்டுவிட்டு அவர் விலகிவிடவில்லை. இந்த நொடியிலும் நம்மை இருக்கச் செய்கிறார்.

ஒன்றுமில்லாமையிலிருந்து இறைவன் படைத்தார் என்ற நம்பிக்கையை விவிலியத்தில் தெளிவாகச் சொன்னவர் ஒரு தாய். மக்கபேயர் இரண்டாம் நூல் 7ஆம் அதிகாரத்தில் அவரைக் காண்கிறோம். ஆறு பிள்ளைகள் கண்முன்னே கொல்லப்பட்டுவிட்டார்கள். கடைசிப் பிள்ளையும் சாகப்போகிறான். அந்த வேளையில் அவர் மகனை வானையும் பூமியையும் நோக்கச் சொல்கிறார். இல்லாதவற்றிலிருந்து இவற்றை உண்டாக்கியவர், இழந்த உன்னையும் உன் சகோதரர்களையும் எனக்குத் திரும்பத் தருவார் என்று திடப்படுத்துகிறார். தொடக்கம் எப்படி நடந்தது என்ற ஆராய்ச்சிக்கு அவருக்கு நேரமில்லை. மரணத்தின் முன் நிற்கும் பிள்ளைக்குச் சொல்ல அவரிடம் இருந்தது இந்த ஒரே வார்த்தை.

ஆகவே பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியர்களே, பிள்ளைகள் கேள்வி கேட்டால் மகிழுங்கள். அறிவியல் பாடத்தை முழு மனதோடு படிக்கச் சொல்லுங்கள். விதிகளைக் கண்டு நம் நம்பிக்கை நடுங்க வேண்டியதில்லை, விதிகளில் அது சாய்ந்துகொள்ளவும் வேண்டியதில்லை. அன்புக்குரிய ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பும் மாலையில், ஆற்றல் அழியாது என்ற விதி நமக்கு ஆறுதல் தராது. இல்லாமையிலிருந்து நம்மை அழைத்தவர் நம்மை மறக்கமாட்டார் என்ற நம்பிக்கை தரும்.

செபிப்போமாக. எல்லாம் வல்ல தந்தையே, நீர் படைத்த உலகை ஆராயும் அறிஞர்களை ஆசீர்வதியும். எங்கள் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பொறுமையோடு பதில் சொல்லும் மனதை எங்களுக்குத் தாரும். எங்களை இருக்கச் செய்கிற உம் அன்பில் எங்களையும், எங்களைவிட்டுப் பிரிந்தவர்களையும் காத்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.